கீவா போகிறவர்களுக்கு: விசா முதல் கோட்டைச் சீட்டு வரை

உஸ்பெகிஸ்தானின் மேற்கு மூலையில், இரண்டு பாலைவனங்களுக்கு இடையே இருக்கிறது கீவா. ஒரு கானரசின், அதாவது கான் எனப்பட்ட மன்னர்கள் ஆண்ட அரசின், தலைநகரம் மதில், அரண்மனை, மதரசா, சந்தை என்று எல்லாவற்றோடும் இன்னும் நிற்கிற இடம் அது. நானும் என் கணவரும் போய்வந்தோம். போய்வந்ததைவிடப் போவதற்கு முன் பட்ட பாடுதான் பெரிது. விசா விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்தது. தாஷ்கண்டில் வேறு ரயில் நிலையத்தில் போய் நின்றோம். கோட்டைச் சீட்டைச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கி அரை நாளை இழந்தோம். அரண்மனையில் பாதியைப் பார்க்காமலே வெளியே வந்து, மறுநாள் திரும்பவும் போனோம்.

இவற்றில் ஒன்றுகூட உங்களுக்கு நேர வேண்டியதில்லை. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டுமோ அதை வரிசையாக எழுதுகிறேன். கீவாவின் முழு வரலாற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. எந்த இடத்தில் எதைத் தெரிந்துகொண்டு நின்றால் அது புரியுமோ, அதை மட்டும் சொல்கிறேன். விசா விவரங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானவை.

1. மாதத்தையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை நல்ல காலம். அதை விட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஒரு பக்கம் கைசில்கும், மறு பக்கம் காராகும் பாலைவனம் என்பதால் கோடை கடுமையானது. ஜூன் கடைசியில் தொடங்கும் 40 நாளை அங்கே ‘சில்லா’ என்கிறார்கள், நம் அக்கினி நட்சத்திரம் மாதிரி. வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கோட்டைக்குள் மண் சுவரும் செங்கல் தரையும்தான், நிழல் குறைவு. டிசம்பர், ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், தங்கும் வீடுகள் சிலவற்றை மூடிவிடுவார்கள்.

கீவாவுக்கு இரண்டு இரவு கட்டாயம் ஒதுக்குங்கள். மூன்று என்றால் இன்னும் நல்லது. குழுப் பயணம் நடத்துகிறவர்கள் பலர் அரை நாளில் காட்டிவிட்டு புகாராவுக்குக் கிளப்பிவிடுவார்கள். அரை நாளில் நீல ஓடுகளைப் போட்டோ எடுக்கலாம். இந்த ஊர் எப்படி ஒரு அரசாக நடந்தது என்று பார்க்க அது போதாது.

2. பாஸ்போர்ட்டும் இ-விசாவும்

பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் இருக்கட்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கட்டும். விசாவுக்குத் தூதரகம் போக வேண்டாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒரு முறை நுழைவதற்கு 20 டாலர், 30 நாள் வரை தங்கலாம். வழியில் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்புகிற எண்ணம் இருந்தால் இரண்டு முறை நுழையும் விசாவாக எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது, போலித் தோற்றமுள்ள தளங்கள். தேடினால் முதலில் வருகிறவை பெரும்பாலும் முகவர்களின் தளங்கள். 20 டாலர் விசாவுக்கு 60, 70 கேட்பார்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் யூஇசட்’ என்றுதான் முடியும். முடிவைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இரண்டாவது, நம் பெயர். தமிழர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான். படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகராது. நான் அப்பா பெயரைப் போட்டேன். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறகு தெரிந்துகொண்டது இது: பாஸ்போர்ட்டின் போட்டோப் பக்கத்தில் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். ‘ஐஎன்டி’ என்ற எழுத்துகளுக்கு அப்புறம் எந்தப் பெயர் முதலில் வருகிறதோ, அதைத்தான் இயந்திரம் உங்கள் முதன்மைப் பெயராகப் படிக்கிறது. படிவத்திலும் அதையே பின்பற்றுங்கள். விமான டிக்கெட், ரயில் டிக்கெட், ஓட்டல் ரிசர்வேஷன் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்கட்டும்.

மூன்று வேலை நாளில் விசா வரும் என்பது கணக்கு. ஆனால் திருத்தி மறுபடி அனுப்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும், கட்டணமும் இன்னொரு முறை. அதனால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். வந்த விசாவை இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள். சென்னை விமான நிலையத்திலேயே கேட்டார்கள்.

3. விமானம்

சென்னையிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. டெல்லி போய் மாறினோம். டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தால் டெல்லியில் பெட்டியை வாங்கி, டெர்மினல் மாறி, மறுபடி போட வேண்டும். குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி விடுங்கள். துபாய், ஷார்ஜா வழியாகவும் போகலாம். நேரம் கூடும், சில சமயம் விலை குறையும்.

4. தாஷ்கண்டிலிருந்து கீவா வரை

தூரம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். இரண்டு வழி.

விமானத்தில் போனால் உர்கெஞ்ச் என்ற ஊரில் இறங்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். அங்கிருந்து கீவா 35 கிலோமீட்டர். டாக்சியில் அரை மணி, முக்கால் மணி. ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யாண்டெக்ஸ் ஆப்பில் கூப்பிடுங்கள்.

ரயிலில் போனால் ஒரு முழு இரவு. கீவாவுக்கே ரயில் நிலையம் வந்துவிட்டது, 2018 முதல் ஓடுகிறது. நிலையத்திலிருந்து கோட்டையின் கிழக்கு வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம், அகலமான நடைபாதை. பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிட்டோம். நான் ரயிலைத்தான் சொல்வேன். விடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே மணலும் முட்செடியும் மட்டும்தான். இவ்வளவு தூரம் வறண்டு கிடக்கும் நிலத்தின் நடுவில், ஆமு தரியா ஆற்றின் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து ஒரு அரசு நடத்தியிருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கும். ஆற்றின் போக்கு மாறித் தண்ணீர் போனதால்தான் பழைய தலைநகரான பழைய உர்கெஞ்ச் நலிந்து, தலைநகரம் கீவாவுக்கு வந்தது.

ரயில் டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை:

ரயில்வே ஆப்பில் ஊர்ப் பெயர் உஸ்பெக் எழுத்துக்கூட்டலில் இருக்கும். கீவா அங்கே எக்ஸ் எழுத்தில் தொடங்கும், உள்ளூர்க்காரர்கள் ‘ஹீவா’ என்றுதான் சொல்கிறார்கள். கே எழுத்தில் தேடினால் கிடைக்காமல், ரயிலே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

பெட்டி வகை மூன்று: ‘பிளாட்ஸ்கார்ட்’ திறந்த பெட்டி, ‘குபே’ நாலு பேர் அறை, ‘எஸ்வி’ இரண்டு பேர் அறை. குபே போதும். மெத்தை விரிப்பு, தலையணை உறை தருவார்கள், பெட்டிக் கடைசியில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். எங்களுக்கு ஒருவருக்கு 25 டாலருக்குப் பக்கத்தில் ஆனது. சீசனில் கீழ்ப் படுக்கை சீக்கிரம் தீர்ந்துபோகும். விற்பனை திறந்ததுமே வாங்குங்கள்.

தாஷ்கண்டில் வடக்கு நிலையம், தெற்கு நிலையம் என்று இரண்டு உண்டு. டிக்கெட்டில் ‘ஷிமோலி’ என்றால் வடக்கு, ‘ஜனுபி’ என்றால் தெற்கு. ஒன்றிலிருந்து மற்றதற்கு நெரிசலில் அரை மணிக்கு மேல் ஆகும். நாங்கள் மூச்சிரைக்க ஓடிப் பிடித்தோம். உள்ளே போகும்போது பாஸ்போர்ட்டும் பெட்டியும் சோதிப்பார்கள், அதனால் ஒரு மணி நேரம் முன்பே இருங்கள். அப்புறம், சில ரயில்கள் உர்கெஞ்சோடு நின்றுவிடும். கடைசி நிலையம் எது என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

5. பணம், சிம், மருந்து

அங்கே நாணயம் சோம். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 12,000 சோம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்குப் போட வசதி. டாலர் நோட்டாகக் கொண்டுபோங்கள்; மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாத புது நோட்டாக இருக்க வேண்டும். பழசாக இருந்த இரண்டு நோட்டை எங்களிடம் வாங்கவில்லை. ஊர்க் கடைகளில் ரொக்கம்தான் பேசும். கோட்டைப் பக்கத்து ஏடிஎம் வாரக் கடைசியில் காலியாகிவிடும் என்பதால் தாஷ்கண்டிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

சிம் கார்டு விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் காட்டினால் கிடைக்கும்.

மருந்து விஷயத்தில் விளையாட வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால், தூக்க மாத்திரை, மனநல மருந்துகள் இவற்றுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு. தேவையென்றால் டாக்டர் சீட்டோடு, பயண நாளுக்கு வேண்டிய அளவு மட்டும், அசல் அட்டையிலேயே எடுத்துச்செல்லுங்கள். மாத்திரையை டப்பாவில் கொட்டி எடுத்துப்போகிற நம் வழக்கம் அங்கே சிக்கலைத் தரும். டிரோன் கேமராவும் வேண்டாம், அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது.

6. தங்குமிடமும் பதிவும்

மதிலுக்குள்ளேயே தங்குங்கள். இச்சான் கலா, அதாவது உட்கோட்டை, இன்றும் குடும்பங்கள் வாழும் ஊர். பலர் வீட்டையே விருந்தினர் இல்லமாக நடத்துகிறார்கள். இருவர் அறை, காலைச் சாப்பாட்டோடு 25 முதல் 40 டாலருக்குள் கிடைக்கும். பகல் கூட்டம் கிளம்பிய பிறகு கிடைக்கிற அமைதிக்கே அந்தப் பணம் தகும்.

வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் மூன்று நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஓட்டல்காரர்களே கணினியில் பதிந்துவிடுவார்கள், ஆனால் பதிந்தார்களா என்று நீங்கள் கேட்டு உறுதி செய்யுங்கள். பதிவுச் சீட்டை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ரயிலில் கழித்த இரவுக்கு டிக்கெட்டே சான்று, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் அவர்தான் உங்களைப் பதிய வேண்டும்.

7. கோட்டைச் சீட்டு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

கோட்டைக்கு நாலு வாசல்: மேற்கே ஓத்தா தர்வாசா, கிழக்கே பொல்வான் தர்வாசா, தெற்கே தோஷ் தர்வாசா, வடக்கே போக்சா தர்வாசா. சீட்டு விற்கும் முக்கியமான இடம் மேற்கு வாசல். இரண்டு நாள் செல்லும் பொதுச் சீட்டு இரண்டு லட்சம் சோமுக்கு மேல். அடிக்கடி விலை ஏற்றுகிறார்கள். இந்தச் சீட்டு தெருவில் நடப்பதற்கல்ல, உள்ளே இருக்கும் அரண்மனைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும்தான்.

சாயங்காலம் ஊருக்கு வந்து சேர்ந்தால் அன்றே சீட்டு வாங்காதீர்கள். கட்டடங்களை ஆறு மணி வாக்கில் சாத்திவிடுவார்கள், உங்கள் முதல் நாள் போய்விடும். அன்று சும்மா தெருக்களைச் சுற்றுங்கள். மறுநாள் காலை ஒன்பதுக்குச் சீட்டு வாங்கினால் இரண்டு நாளும் முழுதாக உங்களுடையவை.

பொதுச் சீட்டில் அடங்காதவையும் உண்டு. பஹ்லவான் மஹ்மூத் சமாதி, அக்‌ஷேக் போபோ கொத்தளம், இஸ்லாம் ஹோஜா மினார் இவற்றுக்கு அந்தந்த இடத்திலேயே தனிக் கட்டணம். இதற்காகச் சில்லறை சோம் தனியாக வைத்திருங்கள்.

8. முதல் நாள்: மேற்கிலிருந்து கிழக்கே நடங்கள்

எங்கே தங்கினாலும் முதல் நாள் காலையில் மேற்கு வாசலுக்கு வெளியே போய் அங்கிருந்து தொடங்குங்கள். வெளியே அல் குவாரிஸ்மியின் சிலை இருக்கிறது. குவாரிஸ்ம் என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். 9-ஆம் நூற்றாண்டில் இந்திய எண் முறையை விளக்கி நூல் எழுதியவர் அவர். அல்காரிதம் என்று நாம் இன்று சொல்வது அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

உள்ளே நுழைந்ததும் கல்தா மினார் நிற்கும். 1851-ல் முகம்மது அமீன் கான் கட்டத் தொடங்கினார். 1855-ல் அவர் போரில் இறந்ததும் வேலை நின்றது. அடிப்புறம் 14 மீட்டருக்கு மேல் அகலம், உயரமோ 29 மீட்டர்தான். கல்தா என்றால் குட்டை. பக்கத்தில் நின்று அடிப்பாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், எவ்வளவு உயரம் போக வேண்டியது என்பது தானே தெரியும்.

இடது பக்கம் கூன்யா அர்க், கான்களின் பழைய கோட்டை. இதற்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். தர்பார் முற்றத்தில் செங்கல்லால் கட்டிய வட்ட மேடை ஒன்று இருக்கும். பலர் கிணறு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது யூர்ட் கூடாரம் போடுவதற்கான மேடை. அரண்மனை கட்டிய பிறகும் குளிர்காலத்தில் கான் கம்பளிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துதான் ஆட்களைப் பார்த்திருக்கிறார். நாடோடிகளும் நகரவாசிகளும் சேர்ந்த அரசு இது என்பதை அந்த ஒரு மேடை சொல்லிவிடும். கான் உட்கார்ந்த சிம்மாசனம் இப்போது அங்கே இல்லை, 1873-ல் ரஷ்யப் படை கீவாவைப் பிடித்தபோது ரஷ்யாவுக்குப் போய்விட்டது.

நாணயசாலையைத் தவறவிடாதீர்கள். அங்கே பட்டுத் துணியில் அச்சடித்த பணம் வைத்திருக்கிறார்கள். 1920-ல் கான் ஆட்சி முடிந்தபோது தாளுக்குப் பஞ்சம், பட்டு நெசவு மட்டும் நடந்துகொண்டிருந்தது. சிவப்பும் பச்சையுமாக, கைக்குட்டை மாதிரி இருக்கும் அந்த நோட்டின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. கண்ணாடிக்கு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஒரு அரசு எப்படி முடிந்தது என்பதை எனக்கு உணர்த்தியது அந்த நூல்தான்.

மதியம் ஜும்மா பள்ளிவாசல். வெளியே அலங்காரம் எதுவும் இல்லாததால் கூட்டம் நிற்காமல் போகும். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள். கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. தூண்களில் சில ஆயிரம் ஆண்டுப் பழசு. கூரையில் விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, ஒரே மாதிரி இல்லாத தூண்களைத் தேடுங்கள். செதுக்கல் ஆழமாகவும் அடிப்பாகம் குடம் போலவும் இருப்பவற்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். தொட வேண்டாம்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி கூன்யா அர்க் வந்து அக்‌ஷேக் போபோ கொத்தளத்தில் ஏறுங்கள். தாமதமானால் நிற்க இடம் இருக்காது. மண் நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் மதில் முழுதும் அங்கிருந்து தெரியும்.

9. இரண்டாம் நாள்: சமாதி, அரண்மனை, கிழக்கு வாசல்

காலையில் முதல் வேலை பஹ்லவான் மஹ்மூத் சமாதி. இவர் தோல் உடை தைத்து வாழ்ந்தவர், கவிஞர், மல்யுத்த வீரர், 1326-ல் இறந்தார். ஊரே இவரைக் காவலராக நினைக்கிறது. நாம் பயில்வான் என்கிறோமே, அந்தச் சொல்லும் இவர் பெயரில் இருக்கும் பஹ்லவானும் ஒன்றே. இந்தியாவுக்கு மல்யுத்தம் செய்ய வந்து, பரிசாகத் தன் நாட்டுக் கைதிகளை விடுவிக்கச் சொல்லி மீட்டுப்போனார் என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் வாசலில் இருந்த பெரியவர் எங்களிடமும் அதைச் சொன்னார்.

இது இன்றும் மக்கள் வந்து வேண்டிக்கொள்ளும் இடம். செருப்பைக் கழற்றி, பெண்கள் தலையில் துணி போட்டு உள்ளே போகவேண்டும். கான்களும் அவர் பக்கத்திலேயே தங்களைப் புதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முற்றத்துக் கிணற்றுத் தண்ணீரைப் புதுமணத் தம்பதிகள் வந்து குடிப்பார்கள். ஒன்பது மணிக்கே போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

பக்கத்திலேயே இஸ்லாம் ஹோஜா மினார். 1910-ல் முடிந்தது, 118 படி. படிகள் செங்குத்தானவை, உள்ளே இருட்டு, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உடம்பை ஒட்டிக்கொண்டுதான் ஒருவரையொருவர் தாண்ட முடியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம், கொத்தளக் காட்சியே போதும். இதைக் கட்டிய இஸ்லாம் ஹோஜா கானின் தலைமை அமைச்சர். மருத்துவமனையும் புது முறைப் பள்ளியும் கொண்டுவந்தவர், 1913-ல் கொலை செய்யப்பட்டார்.

அடுத்தது தோஷ் ஹோவ்லி, ‘கல் முற்றம்’. அல்லாகுலி கான் 1830-களில் கட்டிய அரண்மனை. நாங்கள் பாதியைத் தவறவிட்டது இங்கேதான். அந்தப்புரத்துக்கு ஒரு வாசல், விருந்தினர் முற்றத்துக்கும் நீதி விசாரணை முற்றத்துக்கும் வேறு வாசல். அந்தப்புரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் முடிந்தது என்று நினைத்துவிட்டோம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போங்கள், அதே சீட்டு செல்லும்.

இங்கே ஓடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டிலும் சிறிய எண் எழுதியிருக்கும், நடுவில் ஆணி அடித்த துளை இருக்கும். சூளையில் சுட்ட பிறகு எந்த ஓடு எங்கே என்று குழம்பாமல் இருக்கப் போட்ட எண். தூரத்தில் நின்றால் நீலமும் வெள்ளையுமாக ஒரே விரிப்பாகத் தெரிவது, கிட்டப் போனால் ஒருவர் வரிசை எண் போட்டு, ஒருவர் எடுத்துக்கொடுத்து, ஒருவர் அறைந்த சுவர்.

கடைசியாகக் கிழக்கே பொல்வான் தர்வாசா. நீண்ட கூரை போட்ட வழி, இரு பக்கமும் மாடங்கள், இன்று அவற்றில் தொப்பியும் சால்வையும் விற்கிறார்கள். இந்த வாசலை ஒட்டித்தான் கீவாவின் அடிமைச் சந்தை நடந்தது. பாலைவன வழிகளில் பிடிபட்ட பாரசீகர்களும் ரஷ்யர்களும் இங்கே விற்கப்பட்டார்கள். 1873-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நாள் பார்த்த அரண்மனைகளின் செல்வத்தில் இந்தச் சந்தைக்கும் பங்கு உண்டு. அந்த மாடங்களுக்கு முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் குதைபெர்கன் தெவானோவின் படங்கள் வைத்திருக்கும் இடத்தைக் கேட்டுப் போங்கள். உஸ்பெக்குகளில் முதல் புகைப்படக்காரர் அவர், கீவாக்காரர். கானரசின் கடைசிக் கால முகங்களை அந்தப் படங்களில்தான் பார்க்க முடியும்.

மூன்றாம் நாள் இருந்தால் கார் பேசி அயாஸ் கலா, தோப்ராக் கலா போய்வாருங்கள். கான்களுக்குப் பல நூற்றாண்டு முந்தைய மண் கோட்டைகள், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன. காருக்கு 50, 60 டாலர் ஆகும், ஒரு பகல் முழுதும் எடுக்கும். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

10. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். சதகுப்பைக் கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை நூடுல்ஸ் இந்த ஊரின் சிறப்பு, பெயர் ‘ஷிவித் ஓஷி’. மேலே இறைச்சிக் குழம்பு ஊற்றித்தான் தருவார்கள். ‘கோஷ்ட்சிஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல். நான் தங்கிய வீட்டம்மாவை எல்லாரும் கூப்பிடுகிறபடி ‘ஓபா’ என்றுதான் கூப்பிட்டேன், அக்கா என்று பொருள். அவர் உருளைக்கிழங்கும் காரட்டும் மட்டும் வதக்கிப் போட்டு, ஓரத்தில் ஒரு கரண்டி தயிர் வைத்துத் தந்தார். தயிரோடு பிசைந்து சாப்பிட்டதும் வயிறு ஆறியது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ‘துஹும் பராக்’ இருக்கிறது, மெல்லிய மாவுக்குள் முட்டைக் கலவையை ஊற்றி அவித்தது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் வாங்குங்கள்.

11. வாங்குவதும் எடுத்துவருவதும்

மரச் செதுக்கு வேலை, பட்டுக் கம்பளம், ஆட்டுத்தோல் தொப்பி ‘சுகிர்மா’ இவை நல்ல சரக்கு. புதிதாகச் செய்த பொருளுக்குக் கடை ரசீது போதும். பழம்பொருள் என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். உண்மையிலேயே பழசாக இருந்தால் கலாசாரத் துறைச் சான்றிதழ் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கட்டடத்திலிருந்து பெயர்த்த ஓட்டுத் துண்டு என்று யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள், சுவரில் எண் போட்டு வைத்திருந்த ஓடு அது.

12. திரும்பும்போது

இங்கிருந்து புகாரா 450 கிலோமீட்டர் போல, ரயிலிலும் காரிலும் ஆறு, ஏழு மணி நேரம். அந்த டிக்கெட்டை கீவா வந்த பிறகு தேடாதீர்கள், தாஷ்கண்ட் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். கிளம்பும் காலையில் ஓபாவிடம் பாஸ்போர்ட்டும் பதிவுச் சீட்டும் திரும்ப வாங்கியாயிற்றா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டு இரண்டும் அவர் அலமாரியில் தேநீர்க் கிண்ணத்துக்கு அடியில் இருந்தன. நிலையத்துக்குப் பாதி வழி போனபின் அவருடைய பையன் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து கொடுத்தான். ‘ரக்மத்’ என்றேன். நன்றி சொல்ல அங்கே அந்த ஒரு சொல் போதும்.